ஒன்பது துணிப் பெண்கள்

காலை ஒன்பது மணிக்கு ஒன்பது பெண்கள் காணாமல் போயிருந்தார்கள். யாரும் போலீசுக்குப் போன் செய்யவில்லை. அந்த ஒன்பது பேரில் உயரமானவளே ஒரு விரல் நீளம்தான்.

கண்காட்சிக் கூடத்தின் வடக்குச் சுவரில் முந்தின நாள் வரை அவர்கள் வரிசையாக இருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒன்பது துணிப்படங்கள். பழைய சட்டைத் துணி, பொத்தான், துருப்பிடித்த வாஷர், கம்பி, காய்ந்த மரப்பட்டை, தேநீரில் ஊறிப் பழுத்த காகிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தவை. பல் முளைத்த கட்டில் ஒன்று. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாவி தொங்கும் ஆண் ஒருவன். கதவே இல்லாத வீடு. ஒவ்வொரு படத்திலும் ஒரு பெண். இப்போது கட்டில் அப்படியே இருந்தது, வீடு இருந்தது, சாவி நாக்குக்காரனும் சொகுசாக நின்றுகொண்டிருந்தான். பெண்ணைத்தான் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் வெறும் துணி. கூர்ந்து பார்த்தால் ஊசித் துளைகள்.

அவற்றைத் தைத்தவள் சுவருக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சட்டையைப் பார்த்தாலும் முதலில் அதன் பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறவள் என்பதால் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர். இந்தக் கூடத்தில் ஒரு சுவர் கிடைக்க ஒன்பது வருடம் விண்ணப்பம் போட்டவள். எட்டு வருடம் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. ஒன்பதாவது வருடம் சுவரும் வந்தது, அழைப்பிதழின் அட்டையில் அவள் படமும் வந்தது. அதற்குப் பிறகு இது.

"நாலு மணி வரைக்கும் பார்க்கறேன்," என்றார் கண்காட்சி அமைப்பாளர். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். "அஞ்சு மணிக்குத் திறப்பு. அதுக்குள்ள சரியாகலைன்னா இந்தச் சுவரைப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுக்கறதைத் தவிர எனக்கு வழி இல்லைம்மா."

பக்கத்தில் இருப்பவள் என்ற சொல் பொத்தானக்காவின் காதில் ஈயமாக இறங்கியது. அடுத்த சுவர்க்காரி. காலண்டர் காகிதமும் சாக்குத் துணியும் வைத்துப் படம் செய்கிறவள். கதவு திறக்கும்போது இடிபடுகிற மூலைதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. வேறு யார் செய்வார்கள்?

அதைச் சொல்லத்தான் மேடத்தை வரவழைத்திருந்தாள்.

மேடம் பேருந்து நிலையத்தில், கேட்பாரற்ற பெட்டிகளைக் காக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பெட்டியைக் கேட்டு வருகிறவன் அதன் ஜிப்பை எப்படி வர்ணிக்கிறான் என்பதை வைத்தே அது அவனுடையதா, அடுத்தவனுடையதா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தார். கனத்த உடம்பு, முட்டி வலி. எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தேடுவார். கூட வருகிறவன் வத்தி. தீக்குச்சி மாதிரி ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர் என்று அவன் சொல்வான். வாயால் பற்ற வைக்கிற வேலைக்காக வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

மேடம் ஒன்பது படங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கத்திரி படலை."

"பிரிச்சு எடுத்திருக்காங்க மேடம். ஒவ்வொரு தையலா. ஒன்பதுக்கும் மூணு மணி நேரமாவது ஆகியிருக்கும்."

"முடிச்சை எங்க வைப்பீங்க?"

"முகத்துக்கு அடியில. வெளியே தெரியாது."

"பார்த்துட்டே இருந்தவங்களுக்குத் தெரியும்," என்றார் மேடம்.

வத்தி ஐந்தாவது படத்தின் முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். "மேடம், இங்க ஒரு அதிசயம். கட்டிலுக்குப் பக்கத்துல."

பெண்ணைப் பிரிக்கும்போது அடித்துணி ஓர் அரிசி அளவுக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தை யாரோ குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி மூடியிருந்தார்கள். துணியின் நிறத்துக்கே ஒத்துப்போகும் பழுப்பு நூல். விரலால் தடவினால்கூடத் தெரியாத தையல்.

"பூட்டை உடைச்சுத் திருடிட்டு, போறப்ப புதுப் பூட்டு மாட்டிட்டுப் போன மாதிரி இருக்கு," என்றான் வத்தி. "இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பார்த்ததில்லை. இவனை வேலைக்கு வெச்சுக்கலாம் மேடம்."

"நூல் என்னோடதுதான்," என்றாள் பொத்தானக்கா. "டீத்தூள் போட்டுக் கொதிக்க வெச்சு நானே சாயம் ஏத்தினது. அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஊசி, நூல், எல்லாம் ஒரு பெட்டியில போட்டு இந்த ஸ்டூல் மேலயே வெச்சிருந்தேன்."

"அப்ப நூல் யாரோடதுன்னு தேடிப் பிரயோஜனம் இல்லை. கை யாரோடதுன்னு பார்க்கணும்." மேடம் சுவரையே பார்த்துக்கொண்டு பேசினார். "கோபத்துல வந்தவங்க கிழிப்பாங்க. ஆசையில வந்தவங்க படத்தோட தூக்கிட்டுப் போவாங்க. இவங்க ரெண்டும் செய்யலை. வேற எதையும் தொடலை, கிழிஞ்சதையும் தைச்சுக் குடுத்திருக்காங்க. ஒருத்தியை மட்டும் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"கூட்டிட்டுப் போறதா? அது துணி, மேடம்."

"யாரு அது?"

"எது?"

"அந்தப் பொண்ணு."

"யாருமில்லை," என்றாள் பொத்தானக்கா. "பொதுவா ஒரு பொண்ணு."

மேடம் தலையை ஆட்டினார். வரவேற்பு மேசையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். காணாமல் போன பெண் அட்டையில் பெரிதாக, சிரிக்காமல் இருந்தாள். வட்ட முகம், சிவப்பு நூல் உதடு, இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு மணி.

"இந்த மணி எதுக்கு?"

"அலங்காரம்தான்."

மேடம் அழைப்பிதழைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

காவலாளி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தின நாள் மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை மூன்றே பேர் வந்திருந்தார்கள். படம் மாட்ட வந்த அடுத்த சுவர்க்காரி. கொக்கி அடிக்க வந்த ஃபிரேம் கடைக்காரர். தலைப்புச் சீட்டு ஒட்ட வந்த பொத்தானக்காவின் தங்கை. பொத்தானக்கா அந்த நேரத்தில் வானொலி நிலையத்தில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். காவலாளி வாசலில் தன் வானொலிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்ததால் உள்ளே யார் எந்தச் சுவரில் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. ஆறு மணிக்கு விளக்கை அணைத்துப் பூட்டியதோடு சரி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் பொத்தானக்கா. "பக்கத்துச் சுவர்க்காரிதான்."

"உங்க தங்கச்சி?"

"அவளுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. ஒரு பொத்தான் தைக்கச் சொன்னாக்கூட முழிப்பா. ரெண்டு வருஷமா என்கூடத்தான் இருக்கா. அவ என் ஆளு மேடம்."

மேடம் எழுந்தார். வத்தியின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் நெஞ்சுக்கு நேரே இருந்த பொத்தானைப் பிடித்து ஒரு திருகு திருகினார். பொத்தான் கையோடு வந்தது.

"மேடம், இது என் நல்ல சட்டை."

"அதனாலதான் கேட்டா தைச்சுக் குடுப்பாங்க. மூணு பேர்கிட்டயும் கேளு."

*

அடுத்த சுவர்க்காரியின் வேலை அறை ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் இருந்தது. அறை முழுக்கப் பசை வாசனை. அவள் நாற்பது வயதுக்காரி, நெற்றியிலும் பசை. கதையைக் கேட்டதும் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"ஒன்பதுமா? அடப் பாவமே. அந்தக் கட்டில் படத்துலயுமா?"

அவள் நடிக்கிறாளா என்று பொத்தானக்கா முகத்தையே பார்த்தாள். நல்ல நடிகை என்று தீர்மானித்தாள்.

வத்தி கூச்சப்படுகிறவன் மாதிரி சட்டையைப் பிடித்துக்கொண்டான். "வர்ற வழியில ஆணியில மாட்டிப் பொத்தான் போயிடுச்சு. அஞ்சு மணித் திறப்புக்கு இப்படியே போனா நெஞ்சுதான் கண்காட்சியில இருக்கும்."

"குடுங்க," என்றாள் அவள். ஒரு துப்பாக்கி மாதிரி கருவியை எடுத்து, சூடான பசையை ஒரு சொட்டு சட்டையில் விட்டு, பொத்தானை வைத்து அழுத்தினாள். வத்தி துள்ளினான்.

"ஊசி இல்லையா?"

"ஊசியா? நான் ஒட்டுற கட்சிங்க. வாழ்க்கையில ஊசி எடுத்ததில்லை. என் பொண்ணோட ஸ்கூல் பையையே ஒட்டித்தான் அனுப்பறேன்."

சாக்குத் துணிப் படங்களைப் புரட்டிப் பார்த்தார் மேடம். ஒரு தையல்கூட இல்லை. எல்லாம் பசை.

"நான்தான்னு நினைச்சு வந்தீங்களா?" அவள் திடீரென்று கேட்டாள். அவள் பொத்தானக்காவைப் பார்த்தாள். "அந்தச் சுவரை உங்களுக்குக் குடுக்கச் சொன்னதே நான்தான். முதல்ல எனக்குத்தான் குடுத்தாங்க. வேணும்னா அமைப்பாளர்கிட்ட கேட்டுப் பாருங்க. உங்க படம் வெளிச்சத்துல இருக்கணும்னு எனக்குத் தோணிச்சு."

பொத்தானக்காவுக்கு முகம் சுருங்கிப் போனது. "அப்படியா" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் அவள், வாசல்வரை வந்து. "அந்தக் கட்டில் யாரோடது?"

"யாரோடதும் இல்லை. கற்பனை."

"அப்படித் தெரியலைங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

*

ஃபிரேம் கடைக்காரர் மீசை வைத்த பெரிய மனிதர். கடைக்குள் நாலு பக்கமும் கண்ணாடி சாய்த்து வைத்திருந்ததால் வத்தி நாலு வத்தியாகத் தெரிந்தான். ஒட்டியிருந்த பொத்தானைப் பிய்த்து எடுக்கும்போது சட்டையும் கொஞ்சம் கூட வந்தது.

"தைக்கணும், அவ்வளவுதானே." அவர் படத்தின் பின்னால் கயிறு கோக்கிற கோணி ஊசியை எடுத்தார்.

"அண்ணே, உள்ளே நான் இருக்கேன்."

"அசையாம இருந்தா ஒண்ணும் ஆகாது."

ஆனது. இரண்டு தடவை. கடைசியில் பொத்தான் கப்பல் நங்கூரம் மாதிரி சட்டையில் நின்றது. பின்னால் கொண்டைக்கடலை அளவுக்கு முடிச்சு.

"இது நேர்த்தியில்லைதான், ஆனா அறுபது கிலோ கண்ணாடியைத் தொங்க விட்டாலும் தாங்கும்," என்றார் பெருமையாக.

"எனக்கு மொத்தமே ஐம்பது கிலோதான், தாராளமாப் போதும்," என்றான் வத்தி.

மேடம் சிரிக்கவில்லை. "நேத்து கொக்கி அடிச்சப்ப வேற யாரையாவது பார்த்தீங்களா?"

"இவங்க தங்கச்சியைப் பார்த்தேன். சீட்டு ஒட்ட வந்த பொண்ணு ஒட்டாம அந்தச் சுவருக்கு முன்னாடியே நின்னுட்டு இருந்துச்சு. கையில சீட்டு அப்படியே இருக்கு. தண்ணி வேணுமாம்மான்னு கேட்டேன். பதில் இல்லை. அப்புறம், 'இதுக்கெல்லாம் கண்ணாடி போட மாட்டீங்களா அண்ணே'ன்னு கேட்டுச்சு. போட வேணாம்னு உங்க அக்காதான் சொன்னாங்க, துணி தெரியணுமாம்னேன்."

"ரசிச்சுட்டு இருந்திருப்பா," என்றாள் பொத்தானக்கா சட்டென்று. "என் படம்னா அவளுக்கு உசிரு."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். "உங்க வீடு எவ்வளவு தூரம்?"

"எதுக்கு மேடம்? மூணாவது ஆள் அவ. அவ இல்லைன்னு நான்தான் சொல்றேனே."

"கணக்கு முடிக்கணும் இல்லையா," என்றார் மேடம் மெதுவாக.

வழியெல்லாம் பொத்தானக்காவின் மனது வேறு ஆட்களைத் தேடியது. காவலாளி. அமைப்பாளரின் டிரைவர். ஜன்னல் வழியாக ஏறி வந்த யாரோ. ஒவ்வொருவராகக் கூட்டி வந்து சுவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தாள். யாருமே கிழிந்ததைத் தைத்துவிட்டுப் போகிறவர்களாக இல்லை.

*

இரண்டாவது மாடி. கதவைத் தங்கை திறந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. இன்று விடுப்பு. அக்காவைவிட ஆறு வயது சின்னவள், வட்ட முகம், எதைக் கேட்டாலும் ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்கிறவள்.

அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது.

மேடம் அதைப் பார்த்தார். வத்தியும் பார்த்தான். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏதாவது தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள் தங்கை.

"இன்னும் இல்லை. இவருக்கு ஒரு பொத்தான் தைக்கணுமாம். உன்னால முடியாது, குடு, நான் தைக்கறேன்."

"இல்லை," என்றார் மேடம். "அவங்க தைக்கட்டும்."

தங்கை வத்தியின் சட்டையைப் பார்த்தாள். "யாரு இப்படித் தைச்சது?" என்று கேட்டாள். நங்கூரத்தை அவிழ்த்தாள். ஒட்டிக் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். மேசையில் கிடந்த நூல்களில் சட்டையின் நிறத்துக்கு எது பொருந்தும் என்று இரண்டை வைத்துப் பார்த்து, மூன்றாவதை எடுத்தாள். பிய்ந்த இடத்தை முதலில் குறுக்கும் நெடுக்குமாக நாலு இழை ஓட்டி மூடினாள். பிறகு பொத்தான். நாலு குத்து, கழுத்தைச் சுற்றி மூன்று சுற்று, ஊசியைப் பொத்தானுக்கு அடியில் இறக்கி, முடிச்சை உள்ளே இழுத்து மறைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பொத்தானக்கா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னுடைய முடிச்சு அது. அவளே கண்டுபிடித்தது. ஆனால் அவள் போட்டால் லேசாக ஒரு மேடு தட்டும். இதில் அதுவும் இல்லை.

கையை நீட்டி அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்போ கத்துக்கிட்ட?"

"நீ எதிர்ல உக்காந்துதானே தைச்சுட்டு இருந்த." தங்கை நூலை வெட்டினாள். "நான் பேசிட்டு இருப்பேன். கை சும்மா இருக்குமா? வெட்டிப் போட்ட துணியில போட்டுப் பார்ப்பேன். நீ என் முகத்தையே பார்த்துட்டு இருந்தே. கையை மட்டும் பார்க்கலை."

"நீதானா?"

ஒரு நொடி தாமதம். "ஆமா."

வெளியே தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. பொத்தானக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது வருஷம்டி. உனக்குத் தெரியும். கடைசி ரெண்டு லெட்டரையும் நீதானே பிரிச்சுப் படிச்ச. அடுத்த சுவர்க்காரி செஞ்சிருந்தா தாங்கியிருப்பேன். காலையிலிருந்து ஒரு பொம்பளையை நான் மனசுல திட்டாத திட்டு இல்லை. கடைசியில என் வீட்டுலயே, என் டேபிள்லயே... ஏன்?"

"மருந்துக் கடையில அந்த அழைப்பிதழை முதலாளி கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்கார். 'உங்க அக்கா வரைஞ்சதாமே'ன்னு பெருமை அவருக்கு. திங்கக்கிழமை இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. திரும்ப அதைப் பார்த்தாங்க. 'இது நீதானேம்மா, மச்சம்கூட இருக்கே. உன் புருஷன் உன்னைப் பூட்டி வெச்சிருந்தானா'ன்னு கேட்டாங்க. வரிசையில ஏழு பேர் நின்னுட்டு இருந்தாங்க."

பொத்தானக்கா வாயைத் திறந்தாள்.

"நான் உன் பேரைப் போடலையே."

"முகத்தைப் போட்டியே அக்கா."

"உன் வலிதானே அது. நாலு பேர் பார்த்தா அவங்களுக்கும்..."

"நாலு பேருக்குத் தெரியணும்னா நானே தெருவுல நின்னு சொல்லியிருப்பேன். உன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட மட்டும்." தங்கையின் குரல் ஏறவே இல்லை. அதுதான் கேட்க முடியாததாக இருந்தது. "அப்பவும் பொறுத்துக்கிட்டேன். சீட்டு ஒட்டத்தான் நேத்து அங்க போனேன். வாட்ச்மேன் ரேடியோவுல உன் குரல் வந்துச்சு. இந்த மாதிரி யோசனையெல்லாம் எங்கிருந்து வருதுன்னு கேட்டாங்க. 'தானா வருது, கற்பனைதான்'னு சொன்ன. கட்டிலுக்குப் பல்லு இருந்துச்சுன்னு யாருக்கா சொன்னது? அவர் வாயைத் திறந்தா சாவிச் சத்தம்தான் வரும்னு யார் சொன்னது? அது என் வார்த்தை. என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான்."

வத்தி தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

பொத்தானக்கா மேடத்தின் பக்கம் திரும்பினாள். யாராவது தன் பக்கம் பேச வேண்டும் போல இருந்தது. "நீங்க சொல்லுங்க மேடம். ஒரு வார்த்தை என்கிட்ட வீட்டுல சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"சொல்லியிருந்தா," என்றாள் தங்கை, "அதையும் தைச்சிருப்ப."

மேடம் கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். "யார் எடுத்தாங்கன்னு கேட்டீங்க, கண்டுபிடிச்சாச்சு. யார் முதல்ல எடுத்தாங்கன்னு நீங்க கேக்கலை. அதனால நானும் சொல்லலை."

தங்கை அலமாரியைத் திறந்து ஒரு மருந்து அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேல் ஒன்பது பெண்கள், ஒருவர் மேல் ஒருவர் படாமல், படுத்திருந்தார்கள். ஒரு இழை பிசிறு இல்லை.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போய்த் தைச்சுக்கோ. ஆனா இந்தத் தடவை என்கிட்ட கேளு."

கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும். பொத்தானக்கா அதை மனதுக்குள் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் இத்தனை நாள் கேட்காமல் இருந்தது ஏன் என்பதும் அப்போது தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். கட்டிலைத் தைத்த முதல் நாளே அந்தப் பயம் இருந்தது. படத்தைத் தங்கை வருவதற்குள் துணிக்குவியலுக்கு அடியில் தள்ளி வைத்ததும் ஞாபகம் வந்தது. ஒளித்து வைத்தவளுக்கு, தான் செய்வது என்ன என்று தெரியாதா?

போன் அடித்தது. அமைப்பாளர். அவர் குரல் எப்போதுமே ஒலிபெருக்கி மாதிரி, அறை முழுக்கக் கேட்டது.

"எதையும் தைக்காதீங்கம்மா. அப்படியே விட்டுடுங்க. ஒரு பத்திரிகைக்காரர் முன்கூட்டியே வந்துட்டார். அந்தக் காலி இடத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் அசையாம நின்னார். வீடு இருக்கு, கட்டில் இருக்கு, பொண்ணைக் காணோம், என்ன ஒரு யோசனைன்னு சொல்றார். முன்னாடியைவிட இதுதான் நல்லா இருக்கு. சுவர் உங்களுக்குத்தான்."

பொத்தானக்காவின் உடம்பு முழுக்க ஒரு கணம் வெளிச்சம் பாய்ந்தது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. ஒன்பது வருடம். பத்து நிமிடம் அசையாமல் நின்ற ஒருவர். பெண்களைத் தங்கையே வைத்துக்கொள்ளட்டும், சுவரும் இருக்கட்டும். இருவருக்கும் நஷ்டமில்லையே.

நிமிர்ந்தபோது தங்கை அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"காலி இடமும் நான்தான் அக்கா," என்றாள்.

போனில் அமைப்பாளர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"சார்," என்றாள் பொத்தானக்கா. "ஒன்பதையும் இறக்கிடுங்க. சுவரைப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுங்க. முதல்ல அவங்களோடதுதானாமே."

"என்னம்மா பேசறீங்க? அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயாச்சு. வாசல்ல பன்னிரண்டு அடிக்கு உங்க படத்தைத்தான் பேனர் கட்டிட்டு இருக்காங்க."

"பேனரா?" என்றாள் தங்கை. அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

*

நாலேகாலுக்குக் கூடத்தின் வாசலில் ஏணி சாத்தியிருந்தது. வத்தி அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொத்தானக்கா மேலே ஏறி, பேனரின் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அமைப்பாளர் கீழே நின்று கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு மேடம் அவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அதன் பிறகு அவர் கத்தவில்லை. உள்ளே போய்ப் படங்களைத் தானே இறக்க ஆரம்பித்தார். அடுத்த சுவர்க்காரி பசைக் கையோடு வந்து, நடப்பதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் கூடவே போனாள்.

தங்கை சாலையின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். பன்னிரண்டு அடி உயரத்தில் தன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் முகம் நடுவில் மடிந்து, சுருண்டு, நடைபாதையில் விழுந்தது.

பொத்தானக்கா இறங்கி வந்து அதைத் தனியே மடிக்கப் பார்த்தாள். பெரிய துணி, காற்று வேறு. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. வத்தி உதவிக்குக் குனிந்தான். மேடம் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை சாலையைக் கடந்து வந்தாள். எதிர்முனையின் இரண்டு மூலைகளையும் எடுத்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள், பாதியாக மடித்தார்கள், நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்த்தார்கள், மறுபடி விலகினார்கள், மறுபடி சேர்ந்தார்கள். நாலாவது மடிப்பில் கைகள் தொட்டன. தங்கை அக்காவின் விரலிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுன்னு..." என்று தொடங்கினாள் பொத்தானக்கா.

"வீட்டை விட்டுப் போக மாட்டேன்," என்றாள் தங்கை. துணியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "எனக்குப் போக வேற இடம் இல்லை. உன்கூடத்தான் இருப்பேன். பசிக்குதுன்னா சொல்வேன். தலை வலிச்சா சொல்வேன். கேஸ் தீர்ந்துடுச்சுன்னா சொல்வேன். அதுக்கு மேல உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

பொத்தானக்கா தலையசைத்தாள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பின்னால் கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முதல் விருந்தினர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். நிறுத்தத்தில் ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது. பொத்தானக்கா தங்கையை உட்காரச் சொன்னாள். அவள் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போவியா?"

"ம்."

"காலையிலயா, மத்தியானமா?"

தங்கை பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி தாமதம் இந்தத் தடவை நீண்டுகொண்டே போனது.